1905ஆம் வருடத்து அரை கிரவுன்

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். அதற்கு முன்பே விழித்திருப்பேன். ஆனாலும் அடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை. பல் விளக்குவேன். ஒருநாள் விட்டு ஒருநாள் முகம் மழித்துக்கொள்வேன். கரண்ட் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் சட்டையைத் தேய்ப்பேன். முன்பக்கமும் காலரும் மட்டும். முதுகை யாரும் பார்ப்பதில்லை. ஒரு டம்ளர் டீ, இரண்டு துண்டு ரொட்டி. நின்றபடியே சாப்பிடுவேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிப்பதில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அடுப்பைப் பற்றவைத்து நான்கு மாதமாகிறது. இருந்தாலும் பார்ப்பேன்.

ஏழு பத்துக்கு அத்தையின் போன் வரும். என் மனைவியின் அம்மா. நான்கு மாதத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

"சாப்டீங்களா மாப்பிள்ளை?"

"சாப்டேன் அத்தை."

"என்ன சாப்டீங்க?"

"ரொட்டி."

"ரொட்டியெல்லாம் ஒரு சாப்பாடா. காய்ச்சல் வந்தவன் மாதிரி."

வழக்கமாக இதோடு வைத்துவிடுவார். அன்றைக்கு வைக்கவில்லை. மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க அத்தை."

"கடைசியா அவ என்னத்தான் கேட்டான்னு சொன்னீங்களே. அம்மா தனியா இருக்கா, பாத்துக்கோன்னு."

"ஆமா."

"நாலு மாசமா யோசிச்சுப் பாக்கறேன். அப்படி ஒரு வார்த்த அவ வாயில வந்திருக்குமான்னு. அவ எப்பவும் சொல்லுவா, உன்கூட யார் இருந்தாலும் அவங்கதான் பாவம், அவங்களத்தான் நாம பாத்துக்கணும்னு. அவளா போய் அம்மா பாவம்னு சொன்னா?"

குழாயைத் திறந்து, கழுவிய டம்ளரை மறுபடி கழுவினேன்.

"பஸ் வந்துருச்சு அத்தை. அப்புறம் பேசறேன்."

"குழாய்ச் சத்தம் கேக்குது. பஸ் சமையலறைக்குள்ளயே வருதா?"

குழாயை மூடினேன்.

"சரி, போங்க. ஆனா நெஜத்த ஒருநாள் சொல்லுங்க. திட்டியிருந்தாலும் பரவாயில்ல. அவ திட்டறது எனக்குப் பழக்கம்தான்."

என் மனைவிக்கு முப்பத்தொரு வயது. ஆபீஸிலிருந்து கிளம்பிப் போய் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவில்லை. பிறகு திரும்பவும் இல்லை. கசிவு சில நாட்களாகவே இருந்திருக்கலாம் என்றார் அங்கே இருந்த பெரிய டாக்டர். தலைவலி, வாந்தி, பார்வையில் கோளாறு என்று ஏதாவது சொன்னார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அதை அவர் எழுதிக்கொண்டார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். கடைசியாக என்ன சொன்னாள்? ஆளுக்குத் தகுந்தாற்போல் சொன்னேன். அத்தைக்கு, உங்களைத்தான் கேட்டாள் என்றேன். அவளுடைய கல்லூரித் தோழிக்கு, சிரித்துக்கொண்டே கையாட்டிவிட்டுப் போனாள் என்றேன். முதலாளியிடம், நேரமாச்சு கிளம்பறேன் என்றாள் என்று சொன்னேன். உண்மையில் அவள் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆபீஸ் சாமான் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கேட்டு யாரும் அழ முடியாது.

அலுவலகம் இரண்டாம் மாடியில். கீழே செருப்புக் கடை, முதல் மாடியில் இன்சூரன்ஸ்காரர்கள். மாடிப்படி முன்பெல்லாம் இருட்டாக இருக்கும். இப்போது நன்றாக வெளிச்சம் இருக்கிறது. அவள் போன பிறகு நான் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், எங்கள் மேசை விளக்குக்குப் பல்பு மாற்றச் சொல்லி எலெக்ட்ரிஷியனை வரவழைத்தேன். அவர் போட்டுப் பார்த்தார், அணைத்துப் பார்த்தார். "நல்லாத்தானே சார் எரியுது?" என்றார். மாற்றுங்கள் என்றேன். "காசு உங்களுது, கை என்னுது," என்று புதியதை மாட்டிவிட்டு, பழையதை வீணாக்க மனமில்லாமல் மாடிப்படி விளக்கில் மாட்டிவிட்டுப் போனார். தினமும் அதன் கீழேதான் ஏறிப் போகிறேன். இன்சூரன்ஸ்காரர்கள் எனக்கு நன்றி சொன்னார்கள்.

பழைய பிரிட்டிஷ் காசுகள்தான் எங்கள் பிழைப்பு. சேகரிப்பவர்கள் கொண்டுவருவார்கள். அசலா, போலியா, அசல் என்றால் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்போம். நாள் முழுக்க ராஜா ராணிகளின் தலையை லென்ஸில் பார்க்கும் வேலை. எந்த ராணியின் கொண்டை முதலில் தேயும் என்று நமக்குத் தெரியும், சொந்த சித்தப்பா மகனைத் தெருவில் பார்த்தால் தெரியாது என்பாள்.

நாங்கள் இருவரும் ஒரே வருடத்தில் அங்கே சேர்ந்தோம். ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்தோம். கல்யாணம் ஆன பிறகும் அங்கேயேதான் உட்கார்ந்தோம். முதலாளி எங்களை ரெட்டைத் தராசு என்று கூப்பிடுவார்.

அரிய காசுகளுக்கு மட்டும் ஒரு விதி உண்டு. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது அந்தக் காசைப் பற்றிப் பேசக் கூடாது. ஆளுக்கொரு சீட்டு. சீட்டில் மூன்று கோடுகள்: அசலா, நிலை என்ன, குறிப்பு. அளவாகத் தேய்ந்த காசின் நிலைக்கு 'வெரி ஃபைன்' என்று எழுதுவோம். எழுதி மடித்துக் காசோடு உறையில் போட்டுவிட வேண்டும். இரண்டாவது சீட்டும் விழுந்த பிறகு முதலாளிதான் பிரிப்பார். இரண்டும் ஒத்துப்போனால் சான்றிதழ். ஒத்துப்போகாவிட்டால் வெளியே மூன்றாவது ஆளுக்குப் போகும்.

முதல் இரண்டு கோடுகளில் அவள் கச்சிதமாக எழுதுவாள். மூன்றாவதில் விளையாடுவாள். 'காதைக் காணோம், மற்றபடி அரசர் சுகம்.' 'யாரோ பல்பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அவர்கள் நன்றாக இருக்க மாட்டார்கள்.' முதலாளி தன் அறையிலிருந்து உரக்கப் படிப்பார்.

"இத நான் சர்டிபிகேட்ல போடவா?"

"போடுங்க சார். இதுக்குத் தனியா கட்டணம் இல்ல."

எங்கள் சீட்டுகள் பெரும்பாலும் ஒத்துப்போயின. வெளியே அனுப்ப வேண்டிய காசு வருடத்துக்கு இரண்டோ மூன்றோதான். முதலாளி இதை வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார். அதற்குக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

காசைப் பார்த்து முடித்ததும் அவள் அதைத் துணி விரித்த தட்டில் வைப்பாள். அசல் என்று முடிவு செய்திருந்தால், தட்டின் நடுவில் வைத்து, முகம் நிமிர்ந்து நிற்கும்படி விரல் நுனியால் திருப்பிவிடுவாள். போலி என்றால் கை போன இடத்தில் விட்டுவிடுவாள். தலை எந்தப் பக்கம் இருந்தாலும் கவலைப்பட மாட்டாள். அவள் இப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவது மாதமே நான் கவனித்துவிட்டேன். அதன்பிறகு எப்போதும் அவள் முதலில் பார்க்கும்படி விட்டுவிடுவேன். லென்ஸை எடுப்பதற்கு முன்பே எனக்கு விடை தெரிந்திருக்கும். விடை தெரிந்தவனுக்கு அதற்கான காரணங்கள் கண்ணில் படாமல் போகாது. நான்கு வருடம் அப்படித்தான் எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரித்திருப்பாள், அடுத்த நாளிலிருந்து எல்லாக் காசையும் தலைகீழாக வைத்திருப்பாள்.

எனவே இந்த நான்கு மாதமும் அரிய காசு எதையும் நான் தொடவில்லை. முதலாளி துக்கம் என்று நினைத்தார். அதுவும்தான். ஆனால் எனக்குக் கண் இருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. மூட்டையாக வரும் சாதாரணப் பென்னிகளை வருடவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

அன்று உள்ளே நுழைந்ததும் முதலாளி கூப்பிட்டார். மேசையில் பழுப்பு உறை ஒன்று இருந்தது. அவள் கையெழுத்தில் எண் போட்ட உறை.

"டாக்டர் நாலு மணிக்கு வர்றார்," என்றார்.

பல் டாக்டர். ஏழாம் எட்வர்டு காலத்து அரை கிரவுன் என்ற வெள்ளிக் காசுகளை மட்டும் சேர்ப்பவர். அந்த அரசர் காலத்தில் 1902 முதல் 1910 வரை வருடத்துக்கு ஒன்று, மொத்தம் ஒன்பது. அதற்கென்று மரத்தட்டு செய்து, ஒன்பது குழி வெட்டி, எட்டை நிரப்பி வைத்திருந்தார். 1905 மட்டும் காலி. அந்த வருடம் அடித்தது குறைவு. கிடைப்பது அபூர்வம், கிடைப்பதிலும் பொய் அதிகம். நான்கு மாதத்துக்கு முன்பு எங்கோ ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் ஒன்றைப் பிடித்து, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று மாலையே அவள் பார்த்தாள். அவள் பார்த்த கடைசிக் காசு அது.

"நோயாளிங்க என் நாற்காலியில வாயத் திறந்துட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருக்காங்க, நான் நாலு மாசம் காத்திருக்க மாட்டேனான்னு சொல்றார், நல்ல மனுஷன். ஆனா எனக்கே வெக்கமா இருக்குப்பா," என்றார் முதலாளி.

"தெரியும் சார்."

"ஒரு சீட்டு உள்ள இருக்கு. நீ உன்னோடத எழுதினா முடிஞ்சுது. முடியலன்னா பரவாயில்ல, சொல்லிடு. அந்தச் சீட்டக் கிழிச்சுப் போட்டுட்டு, நானும் வெளியாள் ஒருத்தரும் புதுசாப் பாத்துக்கறோம். ஏதோ ஒண்ணு. நாலு மணிக்குள்ள."

கிழிச்சுப் போட்டுட்டு என்று சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உறையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மதியம்வரை உறையைப் பிரிக்கவில்லை. பென்னிகளைப் பிரித்தேன். எதிர்ப்பக்க நாற்காலியில் யாரோ பழைய விலைப்பட்டியல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போன பிறகு உறையைக் கவிழ்த்தேன். காசு விழுந்தது. பின்னாலேயே நாலாக மடித்த சீட்டும் விழுந்தது.

முதலில் எடை போட்டேன். பதினான்கு கிராமும் சொச்சமும், சரியாக இருந்தது. குறுக்களவு சரி. விளிம்பின் வரிகள் சரி. வெள்ளியும் நல்ல வெள்ளி. நேரத்தைக் கடத்துவதற்காகத்தான் அதையெல்லாம் செய்தேன். தராசு சொல்லிவிடக் கூடிய காசை யாரும் இரண்டு பேரிடம் கொடுப்பதில்லை.

அன்று மாலை அவள் இந்தக் காசைப் பார்த்தபோது நான் மேசையில் இல்லை. ஒரு வாடிக்கையாளர் போனில் பிடித்துக்கொண்டார். முதலாளி அறையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது காசு உறைக்குள் போய்விட்டிருந்தது. எப்படி வைத்தாள் என்று பார்க்கவில்லை. நடுவிலா, கை போன இடத்திலா? நான்கு மாதமாக அதை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். பார்க்காததை எப்படி நினைவுக்குக் கொண்டுவருவது?

சீட்டைக் கையில் எடுத்தேன். நான்கு வருடம் அவள் கையைப் பார்த்து எழுதியவன் இன்று அவள் சீட்டைப் பார்த்து எழுதினால் புதிதாக ஒன்றும் கெட்டுவிடாது. பிரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தால் யாருக்கும் தெரியாது. பிரிக்கவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவள் எழுதி நான் படிக்காதது உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. அதில் மூன்றாவது கோடும் இருக்கிறது. பிரித்தால் தீர்ந்துவிடும். பிரிக்காவிட்டால் நாலு மணிக்குக் கிழித்துவிடுவார்கள். எழுதினால் ஒழுங்காகப் பிரிக்கப்படும். அவ்வளவுதான் இருந்த வழி.

விளக்கைப் போட்டு லென்ஸை எடுத்தேன்.

அரசர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமுடியில் தேய்மானம், தாடியில் தேய்மானம். அசல் முகம். முப்பது நாற்பது வருடம் பைகளில் கிடந்து, கை மாறி, ஒழுங்காகத் தேய்ந்த காசு. சந்தேகமே இல்லை. திருப்பினேன். கேடயம், கிரீடம், எழுத்துகள். எல்லாம் முகத்தைப் போலவே தேய்ந்திருந்தன. கடைசியாக ஆண்டுக்கு வந்தேன்.

ஒன்று, ஒன்பது, பூஜ்யம். மூன்றும் ஓரங்கள் மழுங்கி, சோப்பில் செய்தவை போல இருந்தன. ஐந்து மழுங்கவில்லை. அதன் வயிற்றுக்குள் ஓரம் கூராக இருந்தது. காசைச் சற்றே சாய்த்தேன். ஐந்தைச் சுற்றி மட்டும் வெள்ளி வேறு மாதிரி மின்னியது. நுணுக்கமான கீறல்கள், திசைக்கு ஒன்றாக. இடது பக்கம், வளைவு இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு சிறு பள்ளம்.

ஆறு. 1906ஆம் வருடத்துச் சாதாரண அரை கிரவுன். ஆறின் வளைவை யாரோ செதுக்கி எடுத்து ஐந்தாக்கியிருக்கிறார்கள். எடையும் வெள்ளியும் முகமும் சரியாக இருப்பதில் வியப்பில்லை. காசு அசல், வருடம்தான் பொய்.

லென்ஸை வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யார் கையையும் பார்க்கவில்லை. இன்னொரு நாளாக இருந்தால் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருப்பேன். கை கழுவிவிட்டு வந்து எழுதினேன்: 'ஆண்டு திருத்தப்பட்டது. 1906. வெரி ஃபைன்.' குறிப்பில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவளாக இருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்று யோசித்தேன். அரசருக்கு ஒரு வயது குறைத்திருக்கிறார்கள் என்றோ, அழகு நிலையத்துக்குப் போய் வந்திருக்கிறார் என்றோ. எதுவாக இருந்தாலும் மாலை தெரிந்துவிடும். காசைத் தட்டில் வைத்தேன். எப்படி வைத்தேன் என்று பிறகு பார்த்தேன். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

டாக்டர் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். கக்கத்தில் மரத்தட்டு. அறுபது வயதிருக்கும். உட்கார்ந்ததும் தட்டைத் திறந்து வைத்தார். எட்டு காசும் ஒரு குழியும்.

"இது என் வாய்," என்றார் என்னிடம். "எல்லாம் ஒழுங்கா இருக்கு, நடுவுல ஒண்ணு மட்டும் இல்ல. கண்ணாடியில பாக்கறப்பல்லாம் நாக்கு அங்கயே போகுது."

முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

முதலாளி என் சீட்டை முதலில் பிரித்தார். படித்துவிட்டு டாக்டரிடம் காட்டாமல் மேசையில் கவிழ்த்து வைத்தார். அவள் சீட்டைப் பிரிக்கும்போது மட்டும் மெதுவாகப் பிரித்தார். நாலு மடிப்பு. பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். பிறகு இரண்டையும் எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

'அசல். வெரி ஃபைன்.'

மூன்றாவது கோடு காலியாக இருந்தது.

"ஒத்துப்போகல," என்றார் முதலாளி.

டாக்டர் கையை நீட்டினார். முதலாளி காசையும் லென்ஸையும் கொடுத்தார். டாக்டர் லென்ஸை வாங்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"அடைச்ச பல்லு," என்றார். "வேலையும் சுத்தமில்ல. எங்கிட்ட வேலைக்கு வந்திருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

முதலாளி வாங்கிப் பார்த்தார். ஒரே ஒரு தரம் சாய்த்தார். கீழே வைத்தார்.

"வெளியாளுக்கு அனுப்பவே வேண்டாம்பா. இது வாசல்ல நிக்கிற வாட்ச்மேனுக்கே தெரியும்." சற்று நிறுத்தினார். "அவளுக்கு எப்படித் தெரியாமப் போச்சு? மூணடி தூரத்துலேந்து கண்டுபிடிக்கிறவ ஆச்சே. எந்த வெளிச்சத்துல பாத்தா?"

நான் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுத்து அச்சுக் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். எப்போதும். முதலாளி அதைப் புதிதாகச் சேர்பவர்களுக்குக் காட்டுவார். இதில் 'அசல்' கோட்டுக்கு மேலே மிதந்தது. 'வெரி ஃபைன்' கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மூன்றாவது கோட்டுவரை இறங்கியிருந்தது. பேனாவை அழுத்திப் பிடித்து எழுதியிருந்தாள். பின்பக்கம் தடவினால் கையில் தட்டுப்பட்டது.

டாக்டரும் அதைத்தான் பார்த்தார்.

"எப்பவும் இப்படித்தான் எழுதுவாங்களா?"

"இல்ல," என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். பிறகு அந்தக் காசைத் தூக்கி, காலிக் குழியில் வைத்தார்.

"இது அஞ்சு இல்லயே டாக்டர்," என்றார் முதலாளி.

"தெரியுது. எத்தனை பேருக்குப் பொய்ப்பல்லு கட்டியிருக்கேன், எனக்கு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்." தட்டை மூடினார். எழுந்தவர் என் தோளைத் தொடுவது போல் கை நீட்டி, பிறகு நாற்காலியின் முதுகைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஒத்துப்போகாத சீட்டுகளைக் கோப்பில் வைக்க வேண்டும் என்பது விதி. முதலாளி என்னுடையதை மட்டும் கோப்பில் வைத்தார். அவளுடையதை மேசையிலேயே விட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி எழுந்து போனார். அவர் மேசையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. சீட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. புதுப் பல்பு. பழையதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அஞ்சு மணிக்குக் கிளம்பினேன். செருப்புக் கடைக்கும் முதல் மாடிக்கும் நடுவில், அந்தப் பல்புக்குக் கீழே நின்றேன். படியில் விழுந்துகிடந்த ஒரு குண்டூசிகூடத் தெரிந்தது. சுவரில் யாரோ பென்சிலால் எழுதியிருந்த போன் நம்பர் தெரிந்தது. சீட்டை எடுத்து அங்கே ஒருமுறை படித்தேன். ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது.

இன்சூரன்ஸ்காரர் ஒருவர் இறங்கி வந்தார். "யாருக்காவது காத்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஒதுங்கி வழிவிட்டேன்.

அத்தையைக் கூப்பிட்டேன். நானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன மாப்பிள்ளை, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லயே?"

"இல்ல அத்தை. காலைல ஒண்ணு கேட்டீங்களே."

"கேட்டேன்."

"உங்களக் கேக்கல."

"அது தெரியும்." அவர் குரலில் வருத்தம் இல்லை. ஏதோ ஒரு கணக்கு சரியாக வந்ததுபோல் இருந்தது. "திட்டினாளா?"

"இல்ல. திட்டல."

"உங்கள ஏதாவது சொன்னாளா?"

"அப்படியும் இல்ல. சாதாரணமா ஒண்ணு சொன்னா. அதான் யார்கிட்டயும் சொல்லல."

"சாதாரணமாத்தான் சொல்லியிருப்பா. அவ என்ன, போறோம்னு தெரிஞ்சா போனா? சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் கேட்டதையும் நான் இல்லை என்றதையும் முதலில் சொன்னேன். பிறகு அன்று மாலை நடந்ததைச் சொன்னேன். நான் போன் பேசி முடித்து மேசைக்கு வந்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள், பையை மாட்டிக்கொண்டு, வழக்கத்தைவிட அரைமணி முன்னதாக. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குப் பார்க்க வேறு காசுகள் பாக்கி இருந்தன. அவள் மேசை விளக்கின் தலையை இரண்டு விரலால் தட்டினாள், ரேடியோவைத் தட்டுவதுபோல். கண்ணைச் சுருக்கி அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் நிமிராமல் சரி என்றேன். அவள் போய்விட்டாள்.

"எதுக்குச் சரின்னீங்க? என்ன சொன்னா?" என்றார் அத்தை.

"இந்த விளக்க மாத்தச் சொல்லு. இதுல ஒண்ணுமே தெரியல."